தோரமல்லி: நிலைமின்னியலின் இலங்கைக் கல்

ஓடாமல் ஓரிடத்தில் தங்கி நிற்கும் மின்னேற்றங்களையும் அவை தம்மைச் சூழ உண்டாக்கும் மின்புலத்தையும் ஆராயும் பௌதிகவியற் பிரிவு நிலைமின்னியல். ஐரோப்பாவில் வளர்ந்த இந்த இயலின் ஒரு முக்கியமான திருப்பம் இலங்கை மண்ணிலிருந்து போன ஒரு கல்லால் நிகழ்ந்தது. சிங்களத்தில் அதைத் தோரமல்லி என்பார்கள். அந்தப் பெயரே மருவி உலகெங்கும் தூர்மலின் ஆயிற்று. மட்டக்களப்பு மாணவர் ஒருவர் நிலைமின்னியலைப் படிக்கத் தொடங்கும்போது தேல்ஸ், கில்பேர்ட், கூலோம், பரடே என்று அயல்நாட்டுப் பெயர்களையே வரிசையாகக் காண்கிறார். அந்த வரிசையின் நடுவே இந்தக் கல்லுக்கும் உரிய இடம் உண்டு.

உரசலின் காலம்

கிறிஸ்துவுக்கு முன் 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் தேல்ஸ் காலத்திலேயே, உரசிய அம்பர் துரும்பை இழுக்கும் என்பது தெரிந்திருந்தது. 1600இல் வில்லியம் கில்பேர்ட் காந்தத்தின் கவர்ச்சியையும் அம்பரின் கவர்ச்சியையும் பிரித்துக் காட்டி, கண்ணாடி, கந்தகம், இரத்தினக்கற்கள் எனப் பல பொருள்களுக்கு அம்பரின் குணம் உண்டு என்று எழுதினார். 1729இல் ஸ்டீபன் கிரே கடத்திகளையும் காவலிகளையும் வேறுபடுத்தினார். 1733இல் துஃபே, மின் இருவகைப்பட்டது என்றார்: கண்ணாடியில் பிறப்பது ஒன்று, பிசினில் பிறப்பது மற்றொன்று. 1745, 1746 ஆண்டுகளில் லெய்டன் சாடி வந்தது. மின்னைச் சேர்த்து வைக்கும் முதற் கொள்ளளவி அதுவே.

இவ்வளவுக்கும் அடியில் ஒரே செயல்தான் இருந்தது. கையாலோ துணியாலோ, சுழலும் கண்ணாடி உருளையாலோ, எதையாவது உரச வேண்டும். உரசல் இல்லையேல் மின் இல்லை என்றே அக்கால அறிஞர் பெரும்பாலும் நினைத்தனர். மின்னை உரசலின் பிள்ளையாகக் கருதும்வரை, அது பொருளுக்கு உள்ளேயே இருக்கும் ஒன்று என்ற எண்ணத்துக்கு இடம் கிடைக்காது.

ஒல்லாந்தர் கொண்டுபோன கல்

ஒல்லாந்தர் இலங்கையில் முதலில் கால்வைத்தது மட்டக்களப்பில். யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602 மே 31இல் இக்கரைக்கு வந்து, இங்கிருந்து கண்டி அரசன் முதலாம் விமலதர்மசூரியனிடம் சென்றார். 1638இல் புளியந்தீவிலிருந்த போர்த்துக்கேயர் கோட்டையை ஒல்லாந்தர் கைப்பற்றினர். அவர்கள் இலங்கையில் பிடித்த முதற் கோட்டை அது. இரண்டாம் இராஜசிங்கனுடன் அவர்கள் செய்த உடன்படிக்கையும் அவ்வாண்டே மட்டக்களப்பில் கைச்சாத்தானது. 1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தபின் போர்த்துக்கேயர் வசமிருந்த கரையோரம் அவர்கள் கைக்கு வந்தது. கறுவாவோடும் யானையோடும் இரத்தினக் கற்களும் கப்பலேறின.

தோரமல்லி மட்டக்களப்பில் எடுக்கும் கல் அன்று. இரத்தினபுரி, எலஹர, ஒக்கம்பிட்டிய போன்ற இடங்களில், இல்லம் எனப்படும் பழைய ஆற்றுப்பரல் படிவில் அது கிடைக்கும். ஆனாலும் மட்டக்களப்பின் மேற்கு எல்லைக்கு அப்பாலுள்ள ஊவா மலைநாட்டுக்கு இக்கல்லோடு நெருங்கிய உறவு உண்டு. கல்சியமும் மக்னீசியமும் கலந்த தூர்மலின் வகையொன்றுக்கு ஜேர்மன் கனிமவியலாளர் குனிற்ஸ் 1929இல் ஊவைற்று என்று பெயர் வைத்தார். கீழ்க்கரை வயல்களுக்குப் பாயும் பட்டிப்பளை ஆறு இறங்கி வருவது அதே மலைகளிலிருந்துதான்.

1703இல் ஒல்லாந்தர் இக்கல்லைத் தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்றும், தணலின் மேல் வைத்தால் அது சாம்பலை இழுத்துப் பின் உதறுகிறது என்றும், யோஹான் கியோர்க் ஷ்மிற் என்பவர் 1707இல் வெளியிட்ட ஜேர்மன் நூலில் எழுதினார். ஒல்லாந்தர் அதற்கு இட்ட பட்டப்பெயர் சாம்பல் இழுப்பி. இழுப்பதைவிட உதறுவதுதான் இதில் கவனிக்கத்தக்கது. கல்லை நோக்கித் தாவும் சாம்பல் துகள், தொட்டதும் கல்லின் மின்னேற்றத்தில் ஒரு பங்கைப் பெறும். இரண்டும் இப்போது ஓரின ஏற்றம் உடையவை, ஆகவே துகள் எறியப்படும். காந்தம் இரும்புத்தூளைப் பிடித்தால் விடாது. இந்தக் கல் பிடித்ததை விட்டது.

எனினும் 1717இல் லூயி லெமெரி பாரிஸ் அறிவியற் கழகத்தில் இக்கல்லைப் பற்றிக் கூறியபோது அதைக் காந்தத்தோடு சேர்த்தே பேசினார். 1747இல் கார்ல் லினேயஸ் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தமது நூலில் அதை மின்கல் என்று குறித்தார். ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக 1670களில் இலங்கையில் இருந்த போல் ஹேர்மன் சேகரித்த செடிகளே அந்நூலுக்கு ஆதாரம். தாவர நூலின் ஓரத்தில் வந்த ஒரு சொல் கல்லின் உண்மைக் குணத்தைத் தொட்டுவிட்டது. ஆனால் லினேயஸ் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை.

பேர்லின், 1756

சோதித்தவர் ஃப்ரான்ஸ் ஈப்பினஸ். பேர்லினில் அவருக்கு இக்கல்லை அறிமுகப்படுத்தியவர் கனிமவியலாளர் லேமன். ஆய்வில் துணை நின்றவர் யோஹான் வில்க்கே. தணலில் வைத்துச் சாம்பலைப் பார்க்கும் வேடிக்கையை விட்டுவிட்டு ஈப்பினஸ் கல்லைச் சூடான நீரில் இட்டு எடுத்தார். அங்கே உரசலும் இல்லை, நெருப்பும் இல்லை. இருந்தும் கல் மின்னேறியது. அதன் ஒரு பக்கத்தில் நேரேற்றம், எதிர்ப்பக்கத்தில் மறையேற்றம்.

இந்த முடிவின் கனத்தை நாம் இன்று எளிதில் உணர்வதில்லை. உரசும்போது கண்ணாடி ஒரு பொருள், பட்டு மற்றொரு பொருள்; நேர் ஒன்றிலும் மறை மற்றொன்றிலும் நிற்கும். இங்கேயோ ஒரே கல்லின் இரு முனைகளில் இரு ஏற்றங்களும் நின்றன. காந்தத்தின் இரு முனைகளை நினைவூட்டிய இந்த அமைப்பே, மின்னையும் காந்தத்தையும் ஒரே வகைக் கணிதத்தால் விளக்கலாம் என்ற துணிவை ஈப்பினஸுக்குத் தந்தது. 1759இல் சென்ட் பீற்றர்ஸ்பேர்க்கில் அவர் வெளியிட்ட இலத்தீன் நூல் அந்தத் துணிவின் பலன். நிலைமின்னியலைக் கணக்கால் அணுகிய முதற் பெரும் முயற்சி அது. கூலோம் தம் முறுக்குத் தராசில் விசையை அளந்தது 1785இல், ஈப்பினஸின் நூல் வந்து 26 ஆண்டு கழித்து.

இலண்டனில் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் தமக்குக் கிடைத்த தூர்மலின் கற்களை ஆய்வாளருக்குக் கொடுத்து உதவினார். பெஞ்சமின் வில்சன் ஈப்பினஸோடு வாதாடினார். பெஞ்சமின் பிராங்கிளின் 1759 ஜூனில் ஹெபர்டனுக்கு எழுதிய கடிதத்தில் கொதிநீரில் தாம் செய்த சோதனைகளை விவரித்தார். பெரிய கல்லை மோதிரத்தில் பதித்து அணிந்ததாகவும், விரலின் சூடே அதற்குச் சிறிது மின்னேற்றப் போதுமாக இருந்ததாகவும் அதில் எழுதியிருக்கிறார். பட்டம் விட்டு இடியின் மின்னை ஆராய்ந்த மனிதரின் விரலில் இலங்கைக் கல் துரும்பை இழுத்துக்கொண்டிருந்தது.

எனக்கு இவர்கள் எல்லோரிலும் பெரியவராகத் தெரிபவர் ஜோன் கன்ரன். பள்ளிக்கூட ஆசிரியரான அவர் செய்த சோதனை எளியது, கூர்மையானது. தரையோடு தொடர்பில்லாமல் காவலியின் மேல் நிறுத்திய தகரக் கிண்ணத்தில் கொதிநீரை நிரப்பி, மின்காட்டியை அதனோடு இணைத்து, கல்லை நீருள் இட்டார். கல் சூடேறும்போதும் சரி, நீரோடு சேர்ந்து ஆறும்போதும் சரி, மின்காட்டி அசையவில்லை. இரு முனைகளிலும் ஏற்றம் பிறக்கிறது. ஆனால் நேர் எவ்வளவோ மறையும் அவ்வளவே, கூட்டினால் பூச்சியம். மின்னேற்றக் காப்பு விதி என்று இன்று பாடநூல் சொல்லும் கருத்துக்கு இதைவிடத் தெளிவான ஆரம்பச் சான்று கிடைப்பது அரிது. கல்லை உடைத்தால் ஒவ்வொரு துண்டிலும் இரு முனைகளும் இருப்பதையும், வெப்பநிலை மாறும்போது மட்டுமே மின் தோன்றுவதையும், சூடேறும்போது நேராக இருந்த முனை ஆறும்போது மறையாவதையும் அவரே காட்டினார்.

கல்லுக்குள் நடப்பது

தூர்மலின் பளிங்கின் அணுக்கள் சமச்சீரற்று அடுக்கப்பட்டவை. நீள அச்சின் ஒரு முனை மற்ற முனையைப் போல இராது. இதனால் நேரேற்றங்களின் மையமும் மறையேற்றங்களின் மையமும் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் சற்று விலகி நிற்கின்றன. சாதாரண நேரத்தில் இந்த விலகல் வெளியே தெரியாது. காற்றிலுள்ள அயன்கள் முகங்களில் வந்து படிந்து அதைச் சரிக்கட்டிவிடும். வெப்பநிலை மாறினால் விலகலும் மாறும். படிந்த அயன்கள் உடனே தம்மைத் திருத்திக்கொள்ள முடியாது. அந்த மிச்சமே நமக்கு மின்னேற்றமாகத் தெரிகிறது.

அளவைப் பார்ப்போம். தூர்மலினில் 1 பாகை மாற்றத்துக்கு 1 சதுர மீற்றரில் தோன்றும் ஏற்றம் ஏறத்தாழ 4 மைக்ரோகூலோம். 1 சதுர சென்ரிமீற்றர் முகமுடைய கல்லை 50 பாகை சூடாக்கினால், கசிவு இல்லையெனக் கொண்டால், அம்முகத்தில் 20 நனோகூலோம் சேரும். அது ஏறத்தாழ 12,500 கோடி இலத்திரன்களின் ஏற்றம். கேட்கப் பெரிய தொகை. சாம்பலைத் தூக்க அது தாராளம், மின்குமிழை எரிக்க ஒன்றுக்கும் காணாது.

கல்லைச் சூழ்ந்த மின்புலத்தைக் கண்ணால் காணவும் வழி உண்டு. 1883இல் ஜேர்மன் பௌதிகவியலாளர் குன்ற், கந்தகத் தூளையும் ஈயச் செந்தூரத்தையும் கலந்து மெல்லிய துணியால் சலித்து, ஆறிக்கொண்டிருந்த பளிங்கின் மேல் தூவினார். சலிக்கும்போது ஒன்றோடொன்று உரசி கந்தகம் மறையேற்றமும் செந்தூரம் நேரேற்றமும் பெறும். ஆகவே நேர்முனையில் மஞ்சள் படியும், மறைமுனையில் சிவப்புப் படியும், நடுவில் கல் வெறுமையாகக் கிடக்கும். மைக்கல் பரடே புலக்கோடுகள் என்று கற்பனை செய்த இழுவிசை, எந்த முனையில் தொடங்கி எந்த முனையில் முடிகிறது என்பதை இந்த இரு நிறங்களும் காட்டிவிடுகின்றன.

வாவிக்கரையின் கச்சானும் மாரியும்

நிலைமின் சோதனைக்கு ஊரின் காற்றும் ஒரு கருவி. அமிர்தகழி மட்டக்களப்பு நகரை அடுத்த வாவிக்கரைக் கிராமம். மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தால் பெயர்பெற்றது. அந்தத் தீர்த்தம் வரும் காலம் கச்சான் வீசும் காலம். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு இப்பக்கம் இறங்கும்போது சூடாகி, ஈரம் குறைந்து வருகிறது. தலைவாரிய பிளாஸ்ரிக் சீப்பு கடதாசித் துண்டை இழுப்பதும், நைலோன் சேலையைக் கழற்றும்போது சடசடப்பதும் இந்த மாதங்களில் கூடுதல்.

அதே ஊரில் மாரி பிடித்துவிட்டால் ஆய்வுகூடம் வேறு கதை. எபோனைற்றுக் கோலைக் கம்பளியில் உரசிப் பொன்னிலை மின்காட்டியின் தட்டருகே பிடித்தால் இலை விரியும். ஏற்றியபின் கோலை எடுத்ததும் மெல்லச் சரிந்து தண்டோடு ஒட்டிக்கொள்ளும். குற்றம் பெரும்பாலும் காற்றினுடையது அன்று. கண்ணாடியிலும் காவலித் தக்கையிலும் படியும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமே ஏற்றத்தை வழியவிடுகிறது. அனுபவமுள்ள ஆசிரியர் கருவியை மேசை விளக்கின் அருகே உலர்த்திவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவார். உயர்தரப் பௌதிகவியலில் நிலைமின்புல அலகை எடுக்கும் ஆசிரியர்கள், முடிந்தால் அதன் செய்முறைகளைக் கச்சான் காலத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. வெட்டுக்கு உதவாத கருநிறத் தூர்மலின் துண்டொன்று கிடைத்தால் கன்ரனின் சோதனையையே வகுப்பில் செய்து பார்க்கலாம்.

இவ்வூர் மக்கள் மின்னேற்றத்தை மிகப் பெரிய அளவில் காண்பது ஐப்பசி, கார்த்திகையில், மாரி தொடங்கும் முன் பிற்பகலில் திரளும் இடிமுகிலில்தான். அங்கும் கன்ரனின் கணக்கே நடக்கிறது. முகிலுக்குள் பனித்துகளும் மென்பனிக் கட்டியும் மோதும்போது புதிய ஏற்றம் எதுவும் பிறப்பதில்லை. சமமான நேரும் மறையும் பிரிக்கப்படுகின்றன, அவ்வளவே. பொதுவாக நேரேற்றம் மேலேயும் மறையேற்றம் கீழேயும் சேரும். உலர்ந்த காற்று மீற்றருக்கு ஏறத்தாழ 30 இலட்சம் வோற்றுப் புலத்தில் உடைந்து கடத்தியாகும். முகிலுக்குள் புலம் அதைவிடக் குறைவாக இருக்கும்போதே மின்னல் தொடங்கிவிடுகிறது. கூரிய, உயர்ந்த பொருள்களின் நுனியில் புலம் செறியும். சமதளமான வாவியில் தோணியில் எழுந்து நின்று வலை வீசுபவரும், வட்டைக்குள் மண்வெட்டியோடு நிற்பவரும் அந்த நுனிகளாகிவிடுகிறார்கள். இடிச்சத்தம் கேட்டவுடன் கரைக்கு, கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும் என்ற அறிவுரையின் பௌதிகம் இதுதான். தனிமரத்தின் கீழ் ஒதுங்குவது நின்ற இடத்தில் நிற்பதைவிட ஆபத்து.

பிற்காலம்

வெப்பத்தால் பிறக்கும் இந்த மின்னுக்கு 1824இல் டேவிட் புரூஸ்டர் தனிப்பெயர் சூட்டினார். 1880இல் ஜாக் கியூரியும் பியர் கியூரியும் அழுத்தினாலும் மின் பிறக்கும் என்று கண்டறிந்தபோது அவர்கள் சோதித்த பளிங்குகளில் தூர்மலினும் ஒன்று. குவாட்சும் கரும்புச் சீனியும் அதே பட்டியலில் இருந்தன. சூட்டில் மின்னேறும் பளிங்கு அழுத்தத்திலும் மின்னேற வேண்டும் என்று பளிங்கமைப்பைக் கொண்டு அவர்கள் முன்கூட்டியே ஊகித்திருந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் நீருக்கடியில் நிகழும் வெடிப்பின் அழுத்தத்தை அளக்கத் தூர்மலின் தகடுகள் பயன்பட்டன. எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவில் அழுத்தினாலும் அது மின்னேறும். குவாட்சு அப்படி ஏறாது.

ஆள் நெருங்கியதும் தானாக எரியும் வாசல் விளக்கின் உணரி, உடல் வெப்பத்தால் மின்னேறும் பளிங்கைக் கொண்டது. இந்த வேலைக்கு இப்போது தூர்மலினை எடுப்பதில்லை. ஆய்வுகூடத்தில் வளர்க்கும் இலித்தியம் தந்தலேற்று போன்ற பளிங்குகள் 1 பாகைக்குத் தரும் ஏற்றம், தூர்மலின் தருவதைவிடப் பத்துக்கணக்கான மடங்கு அதிகம்.