தொழிலாட்டத்தை மறுத்த கிருஷ்ணன்

டென்னிஸைத் தொழிலாகக் கொண்டவருக்கு 1968 ஆம் ஆண்டுவரை விம்பிள்டன் வாகைப் போட்டியின் வாயில் அடைபட்டிருந்தது. டேவிஸ் கிண்ணத்தில் தம் நாட்டுக்காக ஆடும் உரிமையும் அவர்க்கில்லை. இவ்விதியை மனத்திற் கொண்டே இராமநாதன் கிருஷ்ணனின் வாழ்வை ஆராய்தல் வேண்டும்.

1937 இல் நாகர்கோவிலிற் பிறந்து, தந்தையாரிடம் ஆட்டம் பயின்ற இவர், 1954 இல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை ஆசியருள் முதல்வராய் வென்றார். 1959 இல் அமெரிக்கரான ஜாக் கிராமர், மூன்றாண்டுக்கு 1,50,000 டொலர் தருவதாகக் கூறித் தம் தொழிலாட்டக் குழுவுக்கு அழைத்தார். கிருஷ்ணன் இசைந்திலர். பிழைக்கத் தெரியாதவர் என்று சிலர் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும் 1960, 1961 ஆகிய ஈராண்டும் விம்பிள்டன் அரையிறுதியை எட்டினார். வன்மையான அடி அவரிடம் இல்லை; பந்தை இடமறிந்து மெல்லென வைக்கும் நுட்பமே அவர் படைக்கலம்.

1966 இல் கல்கத்தாவில் பிரேசில் வீரர் கோக்குடன் ஆடியபோது, நான்காம் செற்றில் 2–5 எனத் தோல்வியின் விளிம்பில் நின்றார். அங்கிருந்து மீண்டு அவர் வென்றமையாலேயே இந்தியா முதன்முறையாக டேவிஸ் கிண்ண இறுதியை அடைந்தது. மெல்பேணில் அவுஸ்திரேலியா 4–1 என வென்றது. அந்த ஒன்றும், கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையர் ஆட்டத்தில் நியூகோம்–ரோச் இணையை வீழ்த்திப் பெற்றதாகும்.

மைந்தர் ரமேஷ் காலத்தில் அத்தடை நீங்கியிருந்தது. தொழிலாட்டக்காரராகவே அவர் 1987 இல் அதே கிண்ணத்தின் இறுதியிற் சுவீடனை எதிர்த்தாடினார்.