புகைக்கும் ஒரு கணக்கு

அம்பாங்கான் வட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டிய நம் முன்னோர் ஒன்றை நன்கு அறிந்திருந்தனர். நிறுத்த எடை கிராணியின் புத்தகத்தில் ஏறாவிட்டால், பட்ட பாட்டுக்குக் கூலி இல்லை. ஆலைப் புகையின் வரலாறும் இதையே சொல்கிறது.

ரவாங்கில் 1953ஆம் ஆண்டு சிமெண்ட் ஆலை இயங்கத் தொடங்கியது. சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுட்டால் கிளிங்கர் கிடைக்கிறது. அதைப் பொடித்தால் சிமெண்ட். அரைக்கும்போதும் சுடும்போதும் தூசி எழும். அது எவ்வளவு என்று யார் கேட்பது?

நம் நாட்டில் அதற்கு வழி செய்தது 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம். அதன்கீழ் 1978இல் தூய காற்று விதிகள் வந்தன. வெண்மையிலிருந்து கருமை வரை படிகள் கொண்ட ரிங்கல்மான் அட்டையோடு புகையை ஒப்பிட்டார்கள். பிரான்சில் 1888இல் பிறந்த முறை அது. ஆனால், அதிகாரி பார்க்கும் நேரத்துப் புகைதானே கண்ணில் படும்? நள்ளிரவுப் புகைக்குச் சாட்சி ஏது?

2014இல் புதிய விதிகள் வந்தன. சூளையின் புகைபோக்கியில் கருவி பொருத்தித் தூசியை இடைவிடாது அளக்க வேண்டும். தூசி பிடிக்கும் சாதனம் ஒழுங்காக இயங்குவதையும் ஆலையே பதிந்து வைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு டன் கிளிங்கர் உருவாகையில், சுண்ணாம்புக் கல்லிலிருந்து மட்டுமே அரை டன்னுக்குச் சற்று மேலான கரியமில வாயு வெளியேறுகிறது. அதைக் கண் காணாது, அட்டையும் காட்டாது. கணக்கு ஒன்றே காட்டும்.

நிறுவைப் புத்தகத்தைக் காட்டச் சொன்ன முன்னோரின் பிள்ளைகள் நாம். ஆலையருகே குடியிருப்போர் புகைக் கணக்கைக் கேட்பதும் அதே நியாயந்தான்.