நெஞ்சைப் பிளப்பதா, துளையிடுவதா?

எமது பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்த நண்பர் ஒருவருக்குக் காலையில் எழுத்துக்கள் தெளிவாகத் தெரியும். மாலையானால் இமைகள் சரிந்து ஒவ்வொரு வரியும் இரண்டாகிவிடும். தூங்கி வழிகிறார் என்று நாம் கேலி செய்தோம், நானுந்தான். பின்னர் ஒருநாள் 'மயஸ்தீனியா கிராவிஸ்' என்ற பெயரைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார். மார்பெலும்பைப் பிளக்கும் சத்திரசிகிச்சைக்கு அவர் இறுதிவரை உடன்படவில்லை. அந்த மறுப்பு சரிதானா என்ற கேள்வியே என்னை இந்நோயின் வரலாற்றுக்கு இட்டுச் சென்றது.

நரம்பின் கட்டளையைத் தசை வாங்கும் இடத்தை உடலின் எதிர்ப்புச்சக்தியே தாக்குவதுதான் இந்நோய். இவ்விளக்கம் 1970களில்தான் உறுதியானது. கத்தியோ வெகுமுன்னரே வந்துவிட்டது. 1911 இல் சூரிச்சில் சவர்புரூக் ஒரு பெண்ணின் தைமஸ் சுரப்பியைக் கழுத்து வழியாக அகற்றினார். அவரது தசைத்தளர்ச்சி குறைந்தது. 1936 இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் அல்பிரட் பிளேலொக், இளம்பெண் ஒருவரின் தைமஸ் கட்டியை மார்பெலும்பைத் திறந்து அகற்றினார். அவரும் தேறினார். 1941 முதல் கட்டி இல்லாதவர்களுக்கும் அவர் இதனைச் செய்தார். மறு ஆண்டு லண்டனில் ஜெப்ரி கெயின்ஸ் தொடங்கினார். பொருளியலாளர் கெயின்ஸின் தம்பியான இவரை, கலைப்பட்டதாரியான நான் கவிஞர் பிளேக்கின் ஆய்வாளராக மட்டுமே அறிந்திருந்தேன்!

தைமஸ் இழையங்கள் சுரப்பிக்கு வெளியே, கழுத்திலும் நெஞ்சிலுமுள்ள கொழுப்புக்குள்ளும் சிதறிக் கிடக்கும். ஆகவே அகலத் திறந்து முழுவதையும் வழித்தெடுக்கவேண்டும் என்றனர் நியூயோர்க்கின் ஜரெட்ஸ்கி போன்றோர். சுவாசத் தசைகளே தளர்ந்தவரின் நெஞ்செலும்பை அறுப்பது கொடுமையல்லவா என்றனர் மற்றவர்கள். 1960களில் கழுத்துவழி முறை மீண்டும் தலைதூக்கியது. 1990களில் விலா இடைவெளித் துளைகளில் கமெரா நுழைந்தது. 2000களில் ரோபோ கரங்கள் வந்தன.

விந்தை என்னவெனில், எந்த வழியிலாயினும் சுரப்பியை அகற்றுவது பயன் தருகிறதா என்பதையே அதுவரை எவரும் முறையாக ஒப்பிட்டு நிறுவவில்லை. அந்தச் சோதனை 2006 இல்தான் தொடங்கியது. அதனை முன்னின்று நடத்திய பிரித்தானிய நரம்பியல் அறிஞர் ஜோன் நியூசம்-டேவிஸ், 2007 இல் அப்பணிக்காக ருமேனியா சென்றிருந்தபோது வீதி விபத்தில் மாண்டார். முடிவு 2016 இல் வெளியானது. 126 நோயாளர், மூன்றாண்டுகள். சத்திரசிகிச்சை பெற்றோரின் தசை வலு கூடியது. ஒன்றுவிட்ட நாட்களில் அவர்களுக்குத் தேவைப்பட்ட பிரெட்னிசோன் சராசரி 44 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 60.

அச்சோதனையில் அறுத்ததெல்லாம் மார்பெலும்பைப் பிளந்துதான். இன்று பல மருத்துவமனைகள் துளைவழியையே விரும்புகின்றன; வலியும் குருதியிழப்பும் குறைவு, வீடு திரும்புவதும் விரைவு. ஆயினும் பெருங்காயம் ஈட்டிய சான்றைச் சிறுதுளை இரவல் வாங்கியிருக்கிறது என்பதே என் கணிப்பு.

நண்பர் மறுத்தது இவற்றுக்கெல்லாம் முன்னர். "வெட்டினால் தேறுவேன் என்று நிச்சயமாகச் சொல்வீர்களா, ஐயா?" என்று வைத்தியரிடம் கேட்டாராம். வைத்தியர் பதில் சொல்லவில்லையாம்.