வளர்ப்பு நாய்: அன்றாடப் பராமரிப்பும் நடத்தைச் சிக்கல்களும்

வளர்ப்பு நாய் என்பது மனிதரோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, உணவுக்கும் மருத்துவத்துக்கும் துணைக்கும் அவர்களையே நம்பியிருக்கும் நாய். ஓநாய் வழிவந்த இவ்விலங்கு மனிதரோடு சேர்ந்து வாழத் தொடங்கிக் குறைந்தது 14,000 ஆண்டுகள் ஆகின்றன. ஜெர்மனியின் பான்-ஓபர்காசல் என்னுமிடத்தில் மனித எலும்புகளுடன் கிடைத்த நாய்க்குட்டி இதற்குச் சான்று. அக்குட்டிக்கு டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோய் கண்டிருந்ததைப் பற்களில் உள்ள தடயங்கள் காட்டுகின்றன. நோயுற்ற குட்டியை யாரோ பராமரித்திருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

நாய் வளர்ப்போர் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: ஓயாமல் குரைக்கிறது, செருப்பைக் கடித்துக் குதறுகிறது, வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறது, தனியே விட்டால் ஊளையிடுகிறது. இவற்றில் பலவும் நாயின் இயல்பான செயல்களே. உடல்நலக் குறைவோ, நிறைவேறாத தேவையோ, வீட்டார் அறியாமல் கற்றுக்கொடுத்த பழக்கமோ சேரும்போதுதான் அவை சிக்கலாகின்றன. ஆகவே பராமரிப்பையும் நடத்தையையும் பிரித்துப் பார்க்க முடியாது.

இனமும் இயல்பும்

நாயின் நடத்தையில் அதன் இனத்துக்குப் பங்குண்டு. தமிழ்நாட்டின் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை. ஓடும் எதையும் துரத்துவது அவற்றின் இயல்பு. கோம்பையும் ராஜபாளையமும் காவலுக்குப் பேர்போனவை. அந்நியரை எளிதில் ஏற்பதில்லை. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நான்கு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இடம்பெற்றது. இத்தகைய நாயை இரண்டு அறை அடுக்ககத்தில் அடைத்து, நாளைக்கு ஒரு முறை படியிறக்கி ஏற்றினால் அது மெத்தையைக் கிழிக்கத்தான் செய்யும்.

வெண்ணிற நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை கூடுதலாகக் காணப்படுகிறது. கூப்பிட்டால் வராத வெள்ளைக் குட்டியைப் பிடிவாதக்காரன் என்று முடிவுகட்டுமுன், அது தூங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பார்க்க வேண்டும். காது கேளாத நாய்க்குக் கைச்சைகையால் எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்க முடியும்.

உணவு

சோறு நாய்க்கு ஆகாது என்பது முழு உண்மையன்று. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாயில் பல மடங்கு இருப்பதை 2013ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு காட்டியது. சோற்றோடு வேறென்ன சேர்க்கிறோம் என்பதே முக்கியம். வளர்ந்த நாயின் உணவில், ஈரம் நீக்கிய எடையில், குறைந்தது 18 விழுக்காடு புரதம் வேண்டும். குட்டிக்கு 22.5 விழுக்காடு. அரிசியில் உள்ளது ஏறத்தாழ 7 விழுக்காடுதான். பால்சோறும் தயிர்சோறும் மட்டுமே தின்று வளரும் குட்டிக்குப் புரதம் போதாது. வேகவைத்த முட்டை, கோழி, ஈரல், மீன் இவற்றில் ஏதாவது நாள்தோறும் சேர வேண்டும். சோறும் எலும்பில்லாக் கறியும் மட்டும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து கால்கள் வளையும். சுண்ணாம்புச் சத்து மருந்தை அளவுக்கு மீறிக் கொடுப்பதும் பெரிய இனக் குட்டிகளின் எலும்பைக் கெடுக்கும். அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி சேர்ந்த பண்டங்கள் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். காய்ச்சலென்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், ஐபுப்ரூஃபன் மாத்திரையைக் கொடுத்து நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடுவோர் உண்டு; இதை ஒருபோதும் செய்யக் கூடாது. நாயின் இயல்பான உடல் வெப்பமே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். தொட்டால் சுடுகிறது என்பது காய்ச்சலுக்கு அறிகுறியன்று.

தடுப்பூசியும் குடற்புழு நீக்கமும்

பார்வோ, டிஸ்டெம்பர், ஈரல் அழற்சி, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போடப்படுகிறது. தாய்ப்பால் வழி வந்த எதிர்ப்பாற்றல் முதல் ஊசியின் பலனைத் தடுக்கக்கூடும் என்பதால் ஒரே ஊசியோடு நிறுத்துவது பயன் தராது. 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய பார்வோ, இரத்தக் கழிச்சலும் வாந்தியுமாகச் சில நாள்களில் குட்டியைக் கொல்லும். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) ஊசி மூன்றாம் மாதத்தில் போட்டு, பின்னர் மருத்துவர் குறிக்கும் தேதியில் தவறாமல் தொடர வேண்டும். குடற்புழு மருந்து குட்டிக்கு இரண்டாம் வாரத்திலேயே தொடங்கும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பது வழக்கம்.

உண்ணி

தமிழ்நாட்டின் வெப்பத்துக்கு உண்ணி ஆண்டு முழுவதும் பெருகும். இங்கு மிகுதியாகக் காணப்படும் பழுப்பு நிற நாயுண்ணி, இரத்தம் குடித்து ஆமணக்குக் கொட்டை அளவுக்கு ஊதியதும் நாயைவிட்டு இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கதவிடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் மருந்துநீரில் குளிப்பாட்டி, வீட்டைக் கவனிக்காமல் விட்டால் மூன்றே வாரத்தில் மீண்டும் உண்ணி ஏறுவது இதனால்தான். படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து, சுவர் வெடிப்புகளைப் பூசி அடைக்க வேண்டும்.

காதின் உட்புறம், விரலிடுக்கு, வாலடி, கழுத்துப்பட்டையின் கீழ் எனத் தினமும் கைவிட்டுத் தடவிப் பார்ப்பது நல்லது. உண்ணியைத் தோலை ஒட்டிச் சிறு இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும்; நகத்தால் நசுக்கக் கூடாது, மண்ணெண்ணெய் தடவக் கூடாது. எர்லிகியா, பபேசியா ஆகிய இரத்த நோய்களை உண்ணி பரப்புகிறது. தீனி எடுக்காமல் சோர்ந்து கிடப்பது, ஈறு வெளுப்பது, மூக்கில் இரத்தம் வடிவது, சிறுநீர் காபி நிறத்தில் போவது ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். அன்றே இரத்தப் பரிசோதனை செய்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

வெயில்

நாய் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறது. வியர்வை உள்ளங்காலில் மட்டுமே சிறிது சுரக்கும். பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு இது இன்னும் கடினம். சித்திரை, வைகாசி மாதங்களில் விடியற்காலையிலும் இரவிலும் மட்டுமே நடைக்கு அழைத்துப் போக வேண்டும். தார்ச்சாலையில் புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் பொசுங்கும். நிறுத்திய காரில் நாயை விட்டுச் செல்வது அதன் உயிருக்கே உலை வைப்பது.

நடத்தைச் சிக்கல்கள்

குட்டியின் மூன்றாம் வாரம் முதல் பதினான்காம் வாரம் வரையிலான காலம் அதன் வாழ்நாள் குணத்தை வடிவமைக்கிறது. ஸ்காட், ஃபுல்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட நூல் இதை நிறுவியது. குழந்தைகள், முதியவர், குடை, மிக்சி ஓசை, ஆட்டோ எனப் பலவற்றையும் அச்சமின்றிக் காணும் குட்டி பிற்காலத்தில் எளிதில் மிரளாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் தடை செய்கின்றன. தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் விளையாடும்போதுதான் குட்டி கடியின் அழுத்தத்தை அடக்கப் பழகுகிறது.

கடித்துக் குதறுதல்: நான்காம் மாதம் முதல் ஏழாம் மாதம் வரை 28 பால்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கின்றன. ஈறு ஊறுவதால் குட்டி கிடைத்ததைக் கடிக்கும். செருப்பை உயரத்தில் வைத்து, கடிப்பதற்கென்றே ரப்பர் பொம்மை தர வேண்டும். கையைக் கடித்தால் விளையாட்டை உடனே நிறுத்தி எழுந்துவிட வேண்டும்.

வீட்டுக்குள் சிறுநீர்: மூன்று மாதக் குட்டி நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்காது. தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்கு அழைத்துப் போய், கழித்த நொடியிலேயே பாராட்டித் தின்பண்டம் கொடுத்தால் சில வாரங்களில் பழகிவிடும். பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் கழித்தால் சிறுநீர்த்தொற்று, நீரிழிவு, சிறுநீரக நோய் இவற்றை முதலில் சோதிக்க வேண்டும்.

குரைத்தல்: வாசலில் ஆள் வந்தால் குரைப்பதும், சலிப்பில் குரைப்பதும், கவனம் வேண்டிக் குரைப்பதும் வெவ்வேறு. “சும்மா இரு” என்று நாம் கத்துவதும் நாய்க்குக் கவனிப்பே. அமைதியான நொடியைப் பார்த்து வெகுமதி கொடுப்பதே பலன் தரும்.

தனிமைப் பதற்றம்: வீட்டார் சாவியை எடுத்தவுடன் நாய் மூச்சிரைத்துப் பின்தொடர்வது, போனபின் கதவைப் பிறாண்டுவது, எச்சில் ஒழுக ஊளையிடுவது ஆகியவை இதன் அடையாளங்கள். சாவியை எடுத்துவிட்டு வெளியே போகாமல் உட்கார்ந்துகொள்வது, பிறகு ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என வெளியே இருந்து திரும்புவது எனப் படிப்படியாகப் பழக்க வேண்டும். முற்றிய நிலையில் மருந்தும் தேவைப்படும்.

வெடிச்சத்தம்: மனிதர் கேட்கும் ஓசையின் உச்சம் 20,000 ஹெர்ட்ஸ், நாய்க்கு ஏறத்தாழ 45,000. தீபாவளி நாளில் மாலைக்கு முன்பே நடையை முடித்து, சன்னல் சாத்திய உள்ளறையில் மின்விசிறியோ தொலைக்காட்சியோ ஓடவிட்டு அருகில் இருக்க வேண்டும். பயந்த நாயைத் தட்டிக்கொடுத்தால் பயம் கூடும் என்பது தவறான எண்ணம்.

உறுமல்: உடல் விறைப்பது, உதட்டை நக்குவது, கண்ணின் வெண்மை தெரியப் பார்ப்பது, பின் உறுமுவது எனக் கடிக்குமுன் நாய் பல முறை எச்சரிக்கிறது. உறுமியதற்காக அடித்தால் எச்சரிக்காமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும். தின்னும் நாயின் அருகிலும் தூங்கும் நாயின் அருகிலும் குழந்தையைத் தனியே விடக் கூடாது.

தண்டனை ஏன் உதவுவதில்லை

நாயை அடக்கி “தலைவனாக” இருக்க வேண்டும் என்ற கருத்து, அடைத்து வைத்த ஓநாய்களைப் பற்றி ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதிய ஆய்விலிருந்து பரவியது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பமே என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999இல் விளக்கினார். நாயின் முகத்தில் குற்றவுணர்வு போலத் தோன்றுவது திட்டுக்குக் காட்டும் எதிர்வினையே என்று ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் காட்டினார். மாலையில் வீடு திரும்பி, காலையில் செய்த தவற்றுக்கு அடித்தால் நாய்க்கு விளங்குவது ஒன்றே: வீட்டார் வரும் நேரம் அஞ்சத்தக்கது.

கடிபட்டால்

நாய் கடித்தாலோ காயத்தை நக்கினாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மிளகாய்த்தூளோ சுண்ணாம்போ பூசக் கூடாது. கடித்தது வீட்டு நாயாயினும், அதற்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. அறிகுறி தோன்றியபின் ரேபிஸிலிருந்து மீள்வது அநேகமாக இல்லை. ஆனால் உரிய நேரத்தில் போடும் ஊசி அதை முழுமையாகத் தடுக்கும்.

பொறுப்பு

நாயின் ஆயுள் ஏறத்தாழ 10 முதல் 13 ஆண்டு. பசியிலும் தாகத்திலும் வாடும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். குரைக்கிறது, கடிக்கிறது என்று தெருவில் விடப்படும் நாய்களில் பல, ஒரு முறைகூட மருத்துவரிடம் காட்டப்படாதவை. விடுவதற்குமுன் காரணத்தைத் தேடுங்கள். அது பெரும்பாலும் சரிசெய்யக்கூடியதாகவே இருக்கும்.