பகைத்தவனே காதலனாக: பழனிமலை வழியே ஒரு கதைமரபின் வரலாறு

முதல் அத்தியாயத்தில் முறைத்துக்கொண்ட இருவர் கடைசி அத்தியாயத்தில் கைகோக்கும் கதையை மாத நாவல் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவன் திமிர் பிடித்த பணக்காரன், அவள் தன்மானம் மிகுந்த நடுத்தர வீட்டுப் பெண், நடுவில் ஒரு தப்பெண்ணம். 1813-இல் வெளியான ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் தூரத்துப் பேத்தி என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். அது ஓரளவு உண்மையும்கூட. ஆனால் இந்தக் கதைக்குத் தமிழில் சொந்த வம்சாவளி உண்டு. அதைத் தேடிப் போகும்போது இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகின்றன: சண்டையைத் தீர்த்துவைப்பது யார்? கடைசியில் இறங்கிவருவது யார்? பழனிமலையையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் விட்டு அதிகம் விலகாமலே, இவற்றுக்கான விடைகள் மாறிவந்த விதத்தைப் பார்க்கலாம்.

பழனியின் சங்ககாலப் பெயர் பொதினி. அது ஆவியர் குடியின் மலை. மயிலுக்குப் போர்வை தந்த பேகன் அந்தக் குடியைச் சேர்ந்தவன். அவன் மனைவி கண்ணகியை விட்டு நல்லூர்ப் பெண்ணொருத்தியின் வீட்டில் தங்கியிருந்ததாகப் புறநானூற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. 143 முதல் 147 வரையிலான பாடல்களில் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகியோர் அவனிடம் அவளுக்காக வாதாடுகிறார்கள். பரிசில் பெற வந்த புலவர்கள், பொன்னும் பொருளும் வேண்டாம், இன்றே தேரேறி அவளிடம் போ என்று கேட்கிறார்கள். ஒரு குடும்பச் சண்டை அகத்தை விட்டுப் புறத்துக்கு வந்து நிற்கும் அரிய இடம் இது. கண்ணகி இங்கே அழுகிறாள். தன் வாயால் ஒன்றும் கேட்பதில்லை. அவளுக்காக நான்கு புலவர்கள் பேச வேண்டியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டைத் தொல்காப்பியம் இலக்கணமாகவே வைத்திருக்கிறது. தோழி, பாணன், விறலி தொடங்கி வழியில் கண்டோர் வரை பன்னிரண்டு வாயில்கள் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே தூது போகலாம். திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் ஊடலுக்கே ஒதுக்கப்பட்டவை. ஆனால் இவையெல்லாம் சேர்ந்தபின் வரும் சண்டைகள். காதலுக்கு முன்பே பகை என்னும் அமைப்புக்கு வேறு ஊற்று உண்டு.

மதுரை மீனாட்சி அதில் முதன்மையானவள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் தடாதகை என்ற பெயரில் அவள் திக்விஜயம் புறப்பட்டுக் கயிலைவரை படையோடு போகிறாள். போர்க்களத்தில் சிவனைக் கண்டதும் அவளுடைய மூன்றாவது தனம் மறைகிறது. எதிரியாக வந்தவள் மணப்பெண்ணாகிறாள். சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணத்துக்கு முன் திக்விஜயம் இன்றும் நடைபெறுகிறது. அதே மதுரையில்தான் அல்லி அரசாணி மாலையும் நடக்கிறது. புகழேந்தியின் பெயரால் வழங்கி, பெரிய எழுத்துப் பதிப்புகளில் ஊர் ஊராக விற்ற கதைப்பாடல் அது. ஆண்களை அண்டவிடாமல் ஆளும் அல்லியை அர்ச்சுனன் நேரில் வெல்வதில்லை. பாம்பாக உருமாறிப் பள்ளியறைக்குள் நுழைந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். அவள் சீறி எழுந்தாலும் முடிவில் மனைவியாகத்தான் வேண்டியிருக்கிறது. இரண்டு கதைகளிலும் ஆயுதத்தைக் கீழே வைப்பவள் பெண். மீனாட்சி தானே வைக்கிறாள், அல்லியிடமிருந்து பிடுங்கப்படுகிறது. பின்னால் வந்த வெகுசன எழுத்து முழுவதும் இந்த வித்தியாசத்தைக் குழப்பிக்கொண்டே வந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

உரைநடை நாவலுக்கு வரும்போது மறுபடி பழனிமலை அடிவாரம். 1872-இல் வத்தலக்குண்டில் பிறந்த பி.ஆர். ராஜமய்யர், ‘விவேக சிந்தாமணி’ இதழில் 1893 முதல் எழுதிய நாவலுக்கு ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்று பெயர். அதில் முத்துஸ்வாமி அய்யர், கமலாம்பாள் தம்பதியைப் பிரித்ததில் ஊர் வாய்க்குப் பெரும் பங்கு. வம்பர் மகாசபை என்றே அதற்கு ஒரு பட்டம் கொடுத்திருக்கிறார் ராஜமய்யர். சமாதானம் செய்துவைக்க வேண்டிய வாயில்களே வம்பர்களாகிவிட்டன. பன்னிரண்டு வாயில்களின் மேல் இருந்த நம்பிக்கை உடைந்ததைக் காட்டும் முதல் தமிழ் நாவல் என்று இதைப் படிக்கலாம்.

திரைப்படம் சிறிது காலம் பின்னோக்கிப் போனது. ஷேக்ஸ்பியரின் ‘டேமிங் ஆஃப் த ஷ்ரூ’வைத் தழுவிய ‘அறிவாளி’ (1963), பிறகு ‘பட்டிக்காடா பட்டணமா’ (1972) இரண்டும் அடங்காத மனைவியை அடக்கும் கதைகள். அல்லியின் வாரிசுகள்.

திருப்பத்தை உண்டாக்கியவர்கள் பெண் எழுத்தாளர்கள். 1969-இல் தொடங்கிய ‘ராணி முத்து’ போன்ற மாத வெளியீடுகள் முழு நாவலையும் ஒரே இதழில் மலிவு விலைக்குக் கொடுத்தன. அந்தச் சந்தையில் வளர்ந்த குடும்ப நாவலின் முகமாக ரமணிசந்திரன் ஆனார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள், வாடகை நூலகங்களில் அட்டை கிழியக் கிழியச் சுற்றியவை. அவரது வார்ப்பில் அதிகாரம் ஆணின் கையில் இருக்கிறது: பணம், தொழில், பங்களா. அவன் அவளைப் பேராசைக்காரி என்று தப்பாக நினைத்துச் சுடுசொல் சொல்கிறான். அவள் பதிலுக்குப் பதில் பேசுகிறாள், ஆனால் தன்னை நிரூபிக்க ஓடுவதில்லை. உண்மை தெரிந்ததும் வருந்தி வருபவன் அவன். கதையை வாசகி எதற்காகக் கடைசிவரை படிக்கிறாள் என்றால், இந்த ஒரு பக்கத்துக்காக. பேகனுக்கு நான்கு புலவர்கள் சொல்லவேண்டியிருந்ததை இங்கே நாயகன் தானே உணர்ந்து, தன் வாயால், இடையில் யாருமில்லாமல் சொல்கிறான். மாமியார், நாத்தனார், மூத்தார் எல்லோரும் சூழ்ந்த வீட்டில் கணவன் அப்படிச் சொல்லிக் கேட்காத பெண்களுக்கு அது சின்ன விஷயமா?

இந்தச் சூழலிலிருந்து இருவரை மட்டும் பிரித்தெடுக்க ஓர் இடம் வேண்டும். கொடைக்கானல் அதற்கு வசதியாக அமைந்தது. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் ஒதுங்க வீடு கட்டியபோதே, சமவெளிச் சமூகத்திலிருந்து விலகியிருக்கும் இடமாகத்தான் அது உருவானது. 1863-இல் வெரே லெவிஞ் ஏரியை அமைத்தார். மலைப்பாதை வரும்வரை டோலியிலும் குதிரையிலும்தான் ஏற வேண்டும். பேருந்து வந்தபின் தேனிலவு ஊராயிற்று. கூட்டுக்குடும்பத் தம்பதிக்கு முதல் தனிமை அங்கேதான் கிடைத்தது. கதையில் மழை கொட்டும், கார் நின்றுபோகும், இருவரும் ஒரே பங்களாவில் மாட்டிக்கொள்வார்கள். சமாதானம் பேச ஆளில்லை, வம்பு பேசவும் ஆளில்லை.

அமெரிக்கக் காதல் நாவல் வாசகிகளை ஆராய்ந்து 1984-இல் ஜானிஸ் ராட்வே எழுதிய ‘ரீடிங் த ரொமான்ஸ்’ ஒரு நுட்பமான கருத்தை முன்வைக்கிறது: நாயகனின் ஆரம்பக் கொடுமையை, முடிவிலிருந்து திரும்பிப் பார்த்து, அடிபட்ட அன்பாக வாசகி மாற்றிப் படித்துக்கொள்கிறாள். ரமணிசந்திரன் வாசகிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் அங்கேதான் அல்லியின் பிரச்சினையும் திரும்பி வருகிறது. தற்காலத் தொடர்கதைகளில் கட்டாயத் தாலிக் கதை ஒரு தனி வகையாகவே பெருகியிருக்கிறது. பழிவாங்க மணப்பவன், பிறகு உருகுகிறான்.

கொடைக்கானலில் எடுக்கப்பட்ட ‘குணா’ (1991) இதைக் கடைசி எல்லைவரை கொண்டுபோய்ப் பார்த்த படம். வசனம் பாலகுமாரன். மனநிலை பிறழ்ந்த குணா, ரோகிணியை அபிராமி என்று நம்பிக் கடத்திப்போய்க் குகையில் வைக்கிறான். வெறுத்தவள் மெல்ல அவனை ஏற்கிறாள். ஆனால் குணா மாறுவதே இல்லை; மாறுகிறவள் அவள் மட்டும். டெவில்ஸ் கிச்சன் என்று வழங்கிய அந்த இடம் குணா குகையாகிப் புகழ்பெற்ற பின்னும், மாத நாவல் மரபு அந்தப் பாதையில் போகவில்லை. அதன் வாசகிக்கு இறங்கிவரும் ஆண் தேவைப்பட்டான், அடைத்துவைக்கும் பக்தன் அல்ல.

கட்டாயத் தாலிக் கதைகளை வெறும் கற்பனை என்று விட்டுவிடவும் முடியாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிரம்பிய மனைவியின் விஷயத்தில் வன்புணர்வுக் குற்றத்திலிருந்து கணவனுக்கான விதிவிலக்கைத் தொடர்ந்து வைத்திருக்கிறது. சட்டம் தாலியைச் சம்மதமாகக் கொள்ளும் நாட்டில், தாலிக்குப் பிறகு சம்மதம் கேட்டு நிற்கும் நாயகன் ஆசைக் கனவாகிறான். கேட்காமலே மன்னிக்கப்படும் நாயகனோ அர்ச்சுனனின் பாம்பு வழியில்தான் வருகிறான். இரண்டு பேருக்கும் ஒரே அட்டைப்படம் போடப்படுகிறது.