புதுவையில் வக்கீல்களுக்குத் துணை நின்றவர்கள்

பிரெஞ்சுக்காரரின் ஆளுகையில் இருந்த புதுச்சேரி, அண்டையிலிருந்த ஆங்கில ராஜ்யத்தின் அடக்குமுறைக்குத் தப்பி ஓடிவந்த தேசபக்தர்களுக்கெல்லாம் அடைக்கலம் தந்த புண்ணிய ஸ்தலம் என்று நம்மவர் பேசுவதும் எழுதுவதும் நெடுநாளைய வழக்கமாகிவிட்டது. அந்தப் பேச்சில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆயினும் அடைக்கலத்தின் கீர்த்தி முழுவதையும் பிரெஞ்சுச் சட்டத்தின் பேரிலே வரவு வைத்துவிட்டு, அந்தச் சட்டத்தைத் தட்டியெழுப்பி வேலை வாங்கிய மனிதரை மறந்துவிடுவது நியாயமன்று. சர்க்காரின் அதட்டலுக்குப் பணியாத வக்கீல்கள் பேரிலேயே சர்க்கார் பாய்ந்தபோது, அவர்களுக்காக முன்வந்து நின்றவர் யார் யார் என்று விசாரித்தால் இது தெளிவாகும்.

முதலில் பொன்னுத்தம்பி பிள்ளையின் சங்கதி. 1819-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதியிட்ட கட்டளையின்படி, இந்தியர்கள் தத்தம் ஜாதிக்குரிய சட்டங்களையும் ஆசாரங்களையும் அநுசரித்தே நியாயம் பெறுவார்கள் என்று பிரெஞ்சுத் துரைத்தனத்தார் வாக்களித்திருந்தனர். குடிகளின் மாமூலுக்கு அளித்த மரியாதை அது. ஆனால் மாமூல் என்ற பெயரில் குடிகளைத் தாழ்த்தி வைத்த பழக்கங்களும் அதன் நிழலிலே ஒதுங்கி வாழ்ந்தன. சுதேசி ஒருவன் அதிகாரியின் சந்நிதியிற் பாதரக்ஷையைக் கழற்றிவிட்டே நிற்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதிகாரி வெள்ளையராயிருந்து, எதிரே நிற்பவர் அவருக்குச் சமமாகச் சட்டம் பயின்ற வக்கீலாயிருந்தாலும் அந்த விதிக்கு விலக்கில்லை. 1873-ஆம் ஆண்டில் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பிய மாதிரியான சப்பாத்துகளை அணிந்து நியாயஸ்தலத்துக்குள் பிரவேசித்தார். அதைக் கோர்ட்டாருக்குச் செய்த அவமரியாதையாகப் பாவித்து அவரைத் தண்டித்தார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று மந்திரங்களையும் ஓயாமல் ஜபித்துக்கொண்டிருந்த ஒரு குடியரசின் நியாயஸ்தலத்தில், வாதியும் பிரதிவாதியும் காத்திருக்க, ஒரு வக்கீலின் காலில் இருந்த தோல் விசாரணைப் பொருளாயிற்று!

வேறொருவராயிருந்தால் தண்டனையை ஏற்றுக்கொண்டு, மறுநாள் சப்பாத்தை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போயிருப்பார். வரும்படியும் குறைந்திராது, துரைமாரின் தயவும் கெட்டிராது. பொன்னுத்தம்பி பிள்ளையோ பாரிஸ் நகரத்துக் கசாசியோன் கோர்ட்டு என்னும் உச்ச நியாயஸ்தலத்துக்கு வழக்கைக் கொண்டுபோனார். தபால் கப்பல் போய்வர மாதக்கணக்கில் ஆன காலம் அது. அங்கே அவர் சார்பில் வாதாடியவர் ழூல் கோதேன் என்னும் பிரெஞ்சு வக்கீல். புதுவைக் கோர்ட்டின் தீர்ப்பு ரத்தாயிற்று. சப்பாத்து அணிந்தபடி வாதாடும் உரிமை நிலைபெற்றது. கோதேன் இந்த வழக்கினால் புதுவையில் எவ்வளவு பிரசித்தி பெற்றார் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமானால், 1876-இல் பிரெஞ்சிந்தியா அவரையே பாராளுமன்றத்துக்குத் தன் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தது. பிற்காலத்தில் அவர் இந்நாட்டின் சார்பில் செனட்டராகவும் பல ஆண்டுகள் இருந்தார். வாதத்துக்கு இத்தனை பெரிய வெகுமதி பெற்ற வக்கீல் அநேகர் இருக்கமாட்டார்.

பொன்னுத்தம்பி பிள்ளை அத்துடன் ஓயவில்லை. ஜாதி ஆசாரச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு உட்பட விரும்பும் இந்தியருக்கு வழிசெய்த 1881 செப்டம்பர் 21-ஆம் தேதிச் சட்டத்துக்கு முன்னும் பின்னும் அவரே அந்த இயக்கத்தின் தலைவராக விளங்கி, லா போர்த் என்ற குடும்பப் பெயரையும் தரித்துக்கொண்டார். அந்த இயக்கத்தால் புதுவை அரசியலில் மூண்ட கட்சிச் சண்டைகள் தனிக் கதை. அதற்குள் இப்போது புக வேண்டியதில்லை.

எல்லைக்கு அப்பால், ஆங்கிலச் சீமையில், இதே தொழிலைச் செய்த மற்றொருவரின் கதி வேறாயிருந்தது. ஒட்டப்பிடாரத்து வக்கீல் சிதம்பரம் பிள்ளை, போலீசாரின் அட்டூழியத்துக்கு ஆளான ஏழை எளியவர்க்காக வாதாடி, தேசியத்தில் இறங்குவதற்கு வெகுகாலம் முன்னரே அவர்களுடைய பகையைச் சம்பாதித்துக்கொண்டவர். 1908 மார்ச்சு 12-ஆம் தேதி அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கலகத்தில் போலீசார் சுட்டு நால்வர் மாண்டனர். ஜூலை 7-ஆம் தேதி ஜட்ஜ் பின்ஹே விதித்தது ஒன்றன்மேலொன்றாக இரண்டு ஆயுள் தண்டனை. ஹைக்கோர்ட்டில் அது குறைந்ததென்றாலும், வக்கீல் சன்னது பறிபோயிற்று. கோவைச் சிறையில் செக்கிழுக்கும்படி ஆயிற்று. அவருக்காகக் கூண்டேறிச் சாட்சி சொன்னவர்களில் ஒருவர் கவி சுப்பிரமணிய பாரதியார். சாட்சி சொன்ன அவ்வாண்டிலேயே, தம்மைத் தேடியும் வாரண்டு வருமென்று கண்டு, பாரதியார் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

அவருக்குப் பின் 1910-இல் அரவிந்தர் வந்தார். அதே ஆண்டு அக்டோபரில், லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் படிப்பு முடித்தும் ராஜவிசுவாசப் பிரமாணம் செய்ய இணங்காமையால் பட்டத்தை உதறிய வரகனேரி வெங்கடேச சுப்பிரமணிய ஐயர், மாறுவேஷத்தில் வந்து இறங்கினார். வீதிக்கு வீதி சென்னை போலீஸ் இலாகாவின் வேவுகாரர் நிரம்பினர். மணியாச்சி ரயில் நிலையத்தில் 1911 ஜூன் 17-ஆம் தேதி கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பின்னரோ, அவர்களுடைய ஊக்கத்துக்கு எல்லையே இல்லை.

ஆங்கிலேயரின் வற்புறுத்தலுக்குப் பிரெஞ்சு அதிகாரிகள் எப்போதும் செவிடாயிருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். அந்நியர் எவரும் இவ்வூரில் வசிக்க வேண்டுமானால், ஐந்து கௌரவ மாஜிஸ்திரேட்டுகளின் நற்சாட்சிக் கையொப்பம் பெற்றுப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு விதி அக்காலத்தில் பிறந்தது. அகதிகளோடு பேசுவதே சந்தேகத்துக்கு இடமாக இருந்த நாளில், அவர்களுக்கு நற்சாட்சி எழுதிக்கொடுக்க ஐந்து பெரிய மனிதர் எங்கே கிடைக்கப்போகிறார்கள் என்பதே அந்த விதியை வகுத்தவரின் கணக்கு. கணக்குத் தப்பிற்று. அரவிந்தருக்கு முதலில் தம் வீட்டு மாடியில் இடம் கொடுத்திருந்த கலவை சங்கர செட்டியார் ஊருக்குள் புறப்பட்டுப் போய் ஐந்து கையொப்பங்களையும் வாங்கி வந்துவிட்டார். பாரிஸில் கோதேன் செய்த வாதத்தைவிட இந்த ஐவரும் போட்ட கையெழுத்தைச் சிறிதென்று நான் மதிக்கமாட்டேன். கோதேனுக்கு நஷ்டம் வர வழியில்லை. இவர்களுக்கு அது உண்டு.

நேர்வழியில் முடியாததை ஆங்கிலேயரின் வேவுகாரர் குறுக்கு வழியில் முடிக்கப் பார்த்தார்கள். ஒரு நாள் ஐயர் வீட்டு வேலைக்காரி கிணற்றில் நீர் இறைக்கும்போது, தண்ணீரோடு ஒரு ஜாடியும் மேலே வந்தது. திறந்து பார்த்தால், உள்ளே ராஜத்துரோகமான பிரசுரங்களும் காளியின் உருவமும் இருந்தன. யாரோ இரவில் மதிலுக்கு மேலிருந்து போட்டிருக்க வேண்டும். எரித்துவிடலாமா, மறுபடி கிணற்றிலேயே போட்டுவிடலாமா என்ற கலக்கம் எழுவது சகஜமே. எரித்திருந்தால், எரித்ததே குற்றத்துக்குச் சாட்சியாகியிருக்கும். கண்டெடுத்ததை உடனே பிரெஞ்சுப் போலீசாரிடம் தாங்களே ஒப்புவித்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். சட்டம் படித்தவரின் சாமர்த்தியம் என்று சொல்லத்தக்க முடிவு அது. மயூரேசன் என்னும் வேவுகாரன் புகார் கொடுத்து, அகதிகளின் வீடுகள் சோதனையிடப்பட்டபோது, அந்த ஜாடியைக் கொண்டு நிரூபிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அரவிந்தர் வீட்டுக்கு வந்த விசாரணை நீதிபதி நாந்தோ, வெடிகுண்டுக்குப் பதிலாக லத்தீன், கிரேக்கப் புத்தகங்களைக் கண்டு வியந்து, விரோதியாக வந்தவர் நண்பராகத் திரும்பிப் போனார். பொய்ப் புகார் கொடுத்ததற்காகத் தன்மேலேயே வழக்கு வருமென்று தெரிந்ததும் மயூரேசன் எல்லை கடந்து ஓடிப்போனான்.

இப்படிப் பத்து ஆண்டுகள் ஐயரைப் புதுவையில் எவராலும் கூண்டில் ஏற்ற முடியவில்லை. முதல் யுத்தம் முடிந்து, ராஜாங்க மன்னிப்பின் பேரில் 1920-இல் அவர் ஆங்கில எல்லைக்குள் திரும்பிச் சென்னையில் 'தேசபக்தன்' பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அடக்குமுறையைக் கண்டித்து அதில் வெளியான ஒரு கட்டுரைக்காக, மறு ஆண்டே அவருக்கு ஒன்பது மாதச் சிறைவாசம் கிடைத்தது. கம்பராமாயணத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆராய்ச்சி அந்தப் பெல்லாரிச் சிறையில் எழுதப்பட்டது.