கண்ணெழுதும் கோலும் மையுண்ட கண்ணும்: அஞ்சனம் இடும் முறை – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பண்டைய மகளிர் ஒப்பனை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சாந்து, தொய்யில், கோதை, அணிகலன், மை என ஒப்பனைப் பொருள்களைத் தொகுத்துரைப்பனவாக அமைகின்றன. எப்பொருளைப் பூசினர் என்னும் வினாவுக்கு அவை விடை தருகின்றன. எவ்வாறு பூசினர் என்னும் வினா அவற்றில் அரிதாகவே எழுப்பப்படுகிறது. கண்ணுக்கு மையிடுதல் ஒரு கைவினையாகும். அதற்கெனத் தனிக் கருவியும், கையைச் செலுத்தும் ஒழுங்கும், இட்டபின் கண்ணைப் பேணும் நெறியும் இருந்தன. இச்செய்முறையை அறியாதவழிச் சில செய்யுட்களின் பொருள் அரைகுறையாகவே விளங்கும். இந்தியப் பரப்பில் அஞ்சனம் இடும் முறை பெற்ற வளர்ச்சியை முதலில் தொகுத்துக்கொண்டு, அதன் துணையால் திருக்குறளின் இரு பாக்களை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோலும் சிமிழும்

அஞ்சனம் பற்றிய மிகப் பழைய இலக்கியக் குறிப்புகளுள் ஒன்று அதர்வ வேதத்தில் உள்ளது. அதன் நான்காம் காண்டத்தின் ஒன்பதாம் பாடல் முழுவதும் அஞ்சனத்தைப் போற்றுவதாகும். திரிககுத் மலையிலிருந்தும் யமுனைப் பகுதியிலிருந்தும் கிடைத்த அஞ்சனங்களை அது குறிப்பிடுகிறது. அங்கு அஞ்சனம் அழகுப் பொருளாக அன்றிக் காக்கும் பொருளாகவே பேசப்படுகிறது. இதற்கும் முற்பட்ட சிந்துவெளி நகரங்களின் அகழாய்வுகளில் மைதீட்டப் பயன்பட்டனவாகக் கருதப்படும் செப்புக் கோல்கள் கிடைத்துள்ளன. பிற்காலத் தட்சசீல அகழாய்விலும் இத்தகைய கோல்கள் வெளிப்பட்டன.

இக்கருவி தோன்றியதற்கான காரணத்தைப் பௌத்த விநய நூல் தெளிவாகக் கூறுகிறது. மகாவக்கத்தின் மருந்து பற்றிய பகுதியில், கண்ணோயுற்ற துறவியர்க்குக் கல்லஞ்சனங்கள், செங்காவி, விளக்குப் புகைக்கரி முதலியன அனுமதிக்கப்படுகின்றன. துறவியர் முதலில் விரலாலேயே மையிட்டனர். அதனால் கண் நொந்தது. எனவே மைக்கோல் அனுமதிக்கப்பட்டது. மூடியற்ற சிமிழில் புல்லும் தூசும் விழுந்தமையால் மூடியும், மூடி நழுவி விழுந்தமையால் அதனைக் கட்டும் நூலும் அடுத்தடுத்து அனுமதிக்கப்பட்டன. எலும்பு, தந்தம், கொம்பு, மூங்கில், மரம், சங்கு முதலியவற்றால் ஆன சிமிழ்கள் ஏற்கப்பட்டன. பொன், வெள்ளிச் சிமிழ்கள் விலக்கப்பட்டன. விரலினின்று கோலுக்கு மாறியது ஆடம்பரத்தால் அன்று, கண்ணின் நலம் கருதியே என்பது இதனால் புலனாகிறது.

மருத்துவ நூல்கள் கூறும் செய்முறை

கோலின் வடிவை சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம் (இயல் 18) வரையறுக்கிறது. கோல் எட்டு விரலளவு நீளம் உடையதாக, நடுவில் மெலிந்ததாக, பிடிப்பதற்கு எளிதாக அமைதல் வேண்டும். அதன் இரு முனைகளும் பூமொட்டுப் போலக் குவிந்து பட்டாணி அளவில் உருண்டிருத்தல் வேண்டும். இவ்வடிவம் ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது. உருண்ட முனையால் கண்ணுக்கு ஊறு நேராது. அதே வேளையில், அம்முனையால் இமையின் வெளிப்புறத்தில் நுண்ணிய கோடு வரைதலும் அரிது. ஆகவே இக்கோல் இமைகளின் உள்விளிம்பில் மையைப் பரப்புவதற்கே ஏற்றது எனக் கொள்ளலாம்.

கையின் ஒழுங்கையும் அந்நூல் கூறுகிறது. இடக்கையால் இமையை விலக்கி, வலக்கையில் கோலைப் பிடித்து, மூக்கை அடுத்த கண்முனையிலிருந்து கடைக்கண் வரை முன்னும் பின்னுமாகக் கோலைச் செலுத்த வேண்டும். இமையின் மேல் பூச வேண்டியதாயின் விரலைப் பயன்படுத்தலாம். கண்ணின் இரு முனைகளிலும் மை மிகலாகாது. களைப்பு, அழுகை, மது, சினம், அச்சம், காய்ச்சல் ஆகியவற்றால் கண் கலங்கிய நிலையில் அஞ்சனம் இடுதல் கூடாது. சரகர் தம் சூத்திர தானத்தில் சௌவீர அஞ்சனத்தை நாள்தோறும் இடலாம் என்றும், கண்ணீரை வெளியேற்றும் இரசாஞ்சனத்தை ஐந்து அல்லது எட்டு நாள்களுக்கு ஒருமுறை இடலாம் என்றும் வேறுபடுத்துவார்.

மையிட்டபின் செய்ய வேண்டுவதை வாக்படரின் அட்டாங்க இருதயம் (சூத்திர தானம், இயல் 23) விளக்குகிறது. மையிட்டவுடன் கண்ணைத் திறத்தல் கூடாது. மூடிய இமைக்குள் விழியை மெல்லச் சுழற்றி, இமைகளைச் சிறிதே அசைத்து மை பரவச் செய்ய வேண்டும். உடனே இமைத்தலும், இமையை இறுக்கிப் பிழிதலும், கழுவுதலும் விலக்கப்படுகின்றன. எனவே அஞ்சனம் இடுதல் இரு நிலைகளை உடையது. கோல் கண்ணை அணுகி உட்புகுவது முதல் நிலை. கண் மூடி மையை ஏற்பது இரண்டாம் நிலை. இப்பகுப்பே பின்வரும் விளக்கத்திற்கு அடிப்படையாகும்.

எழுதுதலும் உண்ணுதலும்

தமிழில் மையிடுதலைக் குறிக்க இடுதல், தீட்டுதல், எழுதுதல் ஆகிய வினைகள் வழங்குகின்றன. ஆண்டாள் திருப்பாவையின் இரண்டாம் பாசுரத்தில் நோன்பு நோற்பார் விலக்குவனவற்றுள் மையும் ஒன்று. அங்கு இடுதலும் எழுதுதலும் அடுத்தடுத்து அமைகின்றன. ஓவியத்துக்கும் தொய்யிலுக்கும் வழங்கிய எழுதுதல் என்னும் வினையே கண்ணுக்கும் வழங்கியது. ஏடெழுதும் கரிய நீர்மமும் கண்ணெழுதும் கருஞ்சாந்தும் மை என்னும் ஒரே சொல்லால் சுட்டப்படுவதும் கருதத்தக்கது.

மேற்கூறிய வினைகள் யாவும் கையின் தொழிலைக் குறிப்பன. இவற்றுக்கு மாறாக, உண்கண் என்னும் சங்க இலக்கியத் தொடர் கண்ணின் தொழிலைக் குறிக்கிறது. உரையாசிரியர்கள் இதனை மையுண்ட கண் என விரிப்பர். நாளடைவில் இது வெறும் அடைமொழியாகவே கொள்ளப்பட்டுவிட்டது. செய்முறையோடு பொருத்திப் பார்க்கும்போது இத்தொடர் உயிர் பெறுகிறது. கோலைக் கண்ணின் ஓரத்தில் வைத்து இமைகளை மூடி இழுக்கும்போது, இதழ்கள் கவ்வுவதுபோல் இமைகள் கோலைக் கவ்வி மையை ஏற்கின்றன. மேலிமை, கீழிமை இரண்டும் ஒருங்கே கருமை பெறுகின்றன. கை எழுதுகிறது, கண் உண்கிறது. ஒரே செயலின் இரு பக்கங்களை இவ்விரு வினைகளும் காட்டுகின்றன.

இரு குறள்கள்

புணர்ச்சி விதும்பல் அதிகாரத்துக் குறள் (1285) கோலை வெளிப்படையாகவே சுட்டுகிறது. எழுதும்போது கண் கோலைக் காண்பதில்லை. அதுபோலக் கணவனைக் கண்டவிடத்து அவன் குற்றத்தைத் தலைவி காண்பதில்லை. முன்னெல்லாம் கண்டிருந்த கோலின் இயல்பையே எழுதும் வேளையில் கண் காணாது என்பது பரிமேலழகர் உரையின் கருத்து. இது கண்ணின் இயற்கையோடு முற்றும் பொருந்துவதாகும். இருபது வயதினர்க்கும் ஏறத்தாழ 10 செ.மீ.க்குக் குறைவான அண்மையில் உள்ள பொருள் தெளிவாகத் தெரிவதில்லை. தொலைவில் தெரிந்த கோல் நெருங்கியபோது மறைகிறது. பிரிவில் தெரிந்த குற்றமும் அவ்வாறே நெருக்கத்தில் மறைகிறது. இஃது அஞ்சனம் இடுதலின் முதல் நிலை.

காதற் சிறப்புரைத்தல் அதிகாரத்துக் குறள் (1127) சற்றே சிக்கலானது. காதலர் கண்ணுள் இருக்கிறார். அவர் மறைதலை அறிந்து கண்ணெழுதவும் மாட்டோம் என்கிறாள் தலைவி. இங்கு அவரை மறைப்பது எது என்னும் வினா எழுகிறது. மையின் கருமையே மறைக்கிறது எனக் கொள்வது ஒரு முறை. 1886இல் வெளிவந்த ஜி.யு. போப்பின் மொழிபெயர்ப்பு, கண்ணில் கறை படிந்தால் அவர் வடிவம் மறையும் என்னும் இக்கருத்தையே தருகிறது. இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மை இமையின் ஓரத்தில் தங்குவது, பாவையை மூடுவதன்று. மையிட்ட பெண்ணின் பார்வை மறைவதில்லை. அவ்வாறாயின் அவள் அஞ்சுவதற்கு இடமில்லை.

பரிமேலழகர் உரை வேறொரு வழியைக் காட்டுகிறது. எழுதும் அவ்வளவு காலமும் அவர் மறைவார் என மறைதலைக் காலத்தோடு சார்த்தி அவர் பொருளுரைக்கிறார். மை மறைப்பதாயின் அது துடைக்கப்படும்வரை மறைப்பு நீடிக்க வேண்டும்; எழுதும் காலத்தோடு முடிய இயலாது. எழுதும் காலத்தில் மட்டும் மறைப்பது மூடிய இமையே. வாக்படர் கூறும் இரண்டாம் நிலையை இங்குப் பொருத்தினால் உரையின் நுட்பம் வெளிப்படுகிறது. மையை ஏற்கக் கண் சிறிது நேரம் மூடியிருத்தல் வேண்டும். அச்சிறு பொழுதும் காதலர் கண்ணினின்று மறைவதைத் தலைவி பொறாள். இவ்விளக்கம் அச்சத்தை மிகைக் கற்பனையிலிருந்து மீட்டு, நாள்தோறும் ஒப்பனை செய்யும் பெண்ணின் பட்டறிவில் நிறுத்துகிறது. காதலர் கண்ணைவிட்டு நீங்கார், இமைத்தாலும் வருந்தார் என்னும் முந்தைய குறளும் (1126) காதலர் கண்ணுள் இருத்தலையே பேசுகிறது.

சிலப்பதிகாரத்தின் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் கண்ணகியின் கண்கள் அஞ்சனத்தை மறந்தன எனப்படுகிறது. கணவன் உடனில்லாத மனையில் மையும் இல்லை. குறளின் தலைவி காதலர் கண்ணுள் இருப்பதால் மையை விலக்குகிறாள். கண்ணகியோ அவன் இன்மையால் மையை மறக்கிறாள். மையற்ற கண் என்னும் ஒரே தோற்றம் இருவேறு நிலைகளைச் சுட்டுவது ஒப்புநோக்கத்தக்கது.

பொருளும் கருவியும் மாறியமை

பிற்காலத்தில் கல்லஞ்சனத்தோடு இல்லங்களில் செய்த புகைமையும் பரவலாக வழங்கிற்று. கரிசலாங்கண்ணி முதலிய மூலிகைச் சாற்றில் நனைத்து உலர்த்திய துணியைத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியை நெய் அல்லது எண்ணெயில் குழைப்பது தமிழக வழக்கம். இம்மையை விரலால் இட்டனர். தூளாகிய சுருமாவுக்குக் கோலே தொடர்ந்தது. அரங்கக் கலைகளில் கண்கோடு தனி வளர்ச்சி பெற்றது. கதகளியில் கண்ணைச் சுற்றித் தடித்த கருங்கோடு வரையப்படுவதோடு, விழி சிவக்கக் கீழிமைக்குள் சுண்டப்பூ இடப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் பென்சில் வடிவ மையும் தூரிகை முனைகொண்ட நீர்ம மையும் பரவியபோது செய்முறையே மாறியது. முழங்கையை ஊன்றிக் கையை நிலைநிறுத்தி, தாழப் பிடித்த கண்ணாடியைக் கீழ்நோக்கிப் பார்த்து, இமைமயிரின் வேரையொட்டிச் சிறு சிறு கோடுகளாக இழுத்து இணைப்பதே இன்றைய நன்முறை. மை இமையின் வெளிப்புறத்துக்கு நகர்ந்துவிட்டது. இமை விளிம்பில் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் இருத்தலால் உள்விளிம்பில் மையிடுவதைத் தவிர்க்குமாறு கண் மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். ஈய சல்பைடு கலந்த சுருமாவால் உடலில் ஈயம் சேரும் என்பதும் அறியப்பட்டுள்ளது. முற்காலச் செய்முறையை அறிதல் வேறு, அதனைப் பின்பற்றுதல் வேறு என்பது இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது.

முடிவுரை

விரல், கோல், பென்சில் எனக் கருவி மாறியபோது மை தங்கும் இடமும் கண்ணின் நிலையும் மாறின. உருண்ட முனையுடைய கோலால் இமைக்குள் மையிட்ட காலத்தில், கண் மூடி மையை ஏற்பது செய்முறையின் இன்றியமையாத பகுதியாக இருந்தது. உண்கண் என்னும் தொடர் இச்செயலைத் தன்னுள் பொதிந்து வைத்துள்ளது. குறள் 1285 கோல் அணுகும் நிலையையும், குறள் 1127 இமை மூடும் நிலையையும் பற்றுக்கோடாகக் கொண்டவை. பின்னதில் காதலரை மறைப்பது மையன்று, மூடிய இமையே எனக் கொள்ளுதல் பரிமேலழகர் உரைக்கும் பண்டை மருத்துவ நூல்கள் கூறும் செய்முறைக்கும் இயைவதாகும். இன்றைய பென்சிலை மனத்திற்கொண்டு இக்குறளைக் கற்பிப்போரும் மொழிபெயர்ப்போரும் அதன் மையத்தைத் தவறவிட நேரும். தொய்யில் எழுதுதல், சாந்து பூசுதல், கூந்தலுக்குப் புகையூட்டுதல் ஆகிய பிற ஒப்பனைகளையும் இவ்வாறு செய்முறை நோக்கில் ஆராய்வது, அகப்பாடல்களின் உவமைகளை அவை பிறந்த வாழ்க்கைச் சூழலிலேயே விளங்கிக்கொள்ள வழிவகுக்கும்.